காதல் நாவலைக் காதல் நாவலாக்குவது எது? எழுதத் தொடங்குபவர்களுக்குப் படிப்படியாக

காதல் வரும் கதையெல்லாம் காதல் நாவல் ஆகிவிடாது. புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். இருவர் சந்திக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பிடித்துப்போகிறது. அதற்குப் பிறகு ஒரு கொலை, ஒரு சொத்துத் தகராறு, பழைய குடும்பப் பகை என்று இருபது அத்தியாயம் ஓடுகிறது. கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். எழுதியவர் இதைக் காதல் நாவல் என்கிறார். காதல் நாவல் தேடி வந்து படித்தவருக்கோ மனம் நிறையவில்லை. அவருடைய ஏமாற்றம் நியாயமானது. தருவதாகச் சொன்ன ஒன்றைக் கதை தரவில்லை.

அந்த ‘ஒன்று’ என்ன என்பதையும், அதை எந்த வரிசையில் கட்டுவது என்பதையும் இங்கே பார்ப்போம்.

இரண்டு நிபந்தனைகள்

இந்த வகைக்குப் பரவலாக எடுத்தாளப்படும் வரையறை, 1980இல் தொடங்கப்பட்ட ‘ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற எழுத்தாளர் சங்கம் வகுத்தது. அதில் இரண்டே நிபந்தனைகள். கதையின் மையத்தில் ஒரு காதல் இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். எந்தக் காலம், எந்த இடம், உடல் நெருக்கம் எவ்வளவு, ஆணும் பெண்ணுமா, இரண்டு பெண்களா, இரண்டு ஆண்களா என்பதெல்லாம் எழுதுபவர் விருப்பம்.

முதல் நிபந்தனையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் கதையிலிருந்து காதலை மட்டும் உருவிவிடுங்கள். மிச்சம் இருப்பது தானாக நிற்கிறதா? துப்பறியும் அதிகாரி கொலையாளியைப் பிடித்துவிடுகிறார், கூடப் பணிபுரிந்த மருத்துவரை அவர் விரும்பியது இல்லாமலேயே கதை முடிகிறது என்றால், அது காதல் இழையோடும் துப்பறியும் கதை. மாறாக, கொலை வழக்கை எடுத்துவிட்டு அந்த இருவரையும் வேறொரு நெருக்கடியில் நிறுத்தினாலும் கதையின் முதுகெலும்பு அப்படியே இருக்கும் என்றால், அது காதல் நாவல்.

இரண்டாவது நிபந்தனையில்தான் பலர் சண்டைக்கு வருகிறார்கள். ‘வாழ்க்கையில் எல்லாக் காதலும் சேர்கிறதா?’ என்று கேட்பார்கள். சேர்வதில்லைதான். காதலர் பிரிந்தோ இறந்தோ முடியும் கதைகளில் மிகச் சிறந்தவை உண்டு. அவை வேறு வகை, அவ்வளவுதான். துப்பறியும் நாவலைக் கையில் எடுப்பவர், கடைசியில் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையோடுதான் படிக்கிறார். அந்த உறுதியால் சுவாரசியம் குறைவதில்லை. காதல் நாவல் வாசகரும் அப்படித்தான். சேர்வார்கள் என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு இருக்கும்போது எப்படிச் சேரப்போகிறார்கள் என்பதற்காகத்தான் இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கிறார்.

முடிவு கல்யாணமாக இருந்தாக வேண்டும் என்று விதி இல்லை. ‘என்றென்றும் சேர்ந்தே’ என்ற முடிவும் உண்டு, ‘இப்போதைக்குச் சேர்ந்திருக்கிறோம், நம்பிக்கையோடு போகிறோம்’ என்ற முடிவும் உண்டு. இருபது, இருபத்தொரு வயதுப் பாத்திரங்களுக்குப் பின்னது பொருத்தமாகவே இருக்கும்.

‘ரொமான்ஸ்’ என்ற சொல்லால் ஒரு குழப்பம் வரும். இடைக்கால ஐரோப்பாவில் வீரர்களின் சாகசக் கதைகளுக்கு அந்தப் பெயர் இருந்தது. பழைய ஆங்கில நூல்களின் தலைப்பில் அந்தச் சொல்லைக் கண்டால் காதல் கதை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

தமிழில் இந்தப் பகுப்பு நமக்குப் புதிதும் அல்ல. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் இரு கரையில் ஒதுக்கிவிட்டு, ஒத்த அன்புடைய இருவரின் உறவை அன்பின் ஐந்திணையாக நடுவில் வைத்தது தொல்காப்பியம். காதல் நாவல் எழுதுபவருக்கு இது இன்றைக்கும் கைக்கு உதவும் அளவுகோல். நாயகன் மட்டும் உருகிக்கொண்டே இருக்கும் கதை கைக்கிளை. ஒருவர் துரத்த மற்றவர் அஞ்சி ஓடும் கதைக்கும் ஐந்திணையில் இடமில்லை. இரண்டு பக்கமும் மனம் அசைய வேண்டும்.

முதல் படி: ஒரு பக்கக் குறிப்பு

கதை எழுத உட்காரும் முன் ஒரே பக்கத்தில் ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். இவர் யார், இவருக்கு என்ன வேண்டும். அவர் யார், அவருக்கு என்ன வேண்டும். இருவரையும் ஒரே இடத்தில் கட்டிப்போடுவது எது. வெளியிலிருந்து தடுப்பது எது. உள்ளுக்குள்ளிருந்து தடுப்பது எது. கடைசிக் கேள்விக்கு இரண்டு விடை வேண்டும், ஆளுக்கு ஒன்று.

கட்டுரை முழுக்கப் பயன்படுத்த ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். கயல், பழைய நூலகமொன்றில் கிழிந்த புத்தகங்களைப் பழுதுபார்த்துக் கட்டுபவள். ஆதவன், அந்தப் புத்தகங்களையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்ற வந்தவன். வேலை முடிந்ததும் அந்தப் பிரிவை மூடிவிடுவார்கள், கயலுக்கு வேலை போய்விடும். இது வெளித்தடை. ஆனால் தொட்டால் உதிரும் புத்தகங்களைக் கயல் சரிசெய்து கொடுத்தால்தான் ஆதவனால் ஸ்கேன் செய்ய முடியும். ஆகவே ஆறு மாதம் ஒரே அறையில் இருந்தாக வேண்டும். இது கட்டிப்போடும் காரணம்.

உள்தடைக்கு வருவோம். கயல் யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். கேட்டு வாங்கியதெல்லாம் கடன் என்று பதினாறு வயதில் கற்றுக்கொண்டவள். ஆதவன் எங்கும் தங்க மாட்டான். தன்னை யாராவது நம்பி இருக்கத் தொடங்கும்போது கிளம்பிவிடுவது அவன் வழக்கம். கேட்காதவள், தங்காதவன். இந்த இரண்டு சொல் கிடைத்துவிட்டால் நாவலின் முக்கால்வாசி கையில் வந்துவிட்டது. ஏனென்றால் முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்பது இப்போதே தெரிகிறது. கயல் கேட்க வேண்டும், ஆதவன் தங்க வேண்டும். அதுவும் வேறு யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்.

உங்கள் குறிப்பில் உள்தடையை இப்படி ஓரிரு சொல்லில் சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் எழுதத் தொடங்காதீர்கள். இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனாலும் நஷ்டமில்லை.

இரண்டாம் படி: தடையைச் சோதிப்பது

காதல் நாவல் தோற்பதற்கு முதல் காரணம் தடை சோதாவாக இருப்பது. நாயகன் தன் தங்கையோடு பேசிக்கொண்டிருப்பதை நாயகி தூரத்திலிருந்து பார்க்கிறாள், தப்பாக நினைக்கிறாள், பத்து அத்தியாயம் பேசாமல் இருக்கிறாள். வாசகருக்கு எரிச்சல் வருவது ஏன்? ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீரும் சிக்கல் அது. அதை நீட்டுவதற்காக இரண்டு புத்திசாலிகளையும் எழுத்தாளர் முட்டாள்களாக்குகிறார்.

சோதனை இதுதான். இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து உண்மையை எல்லாம் பேசவிடுங்கள். பேசி முடித்த பிறகும் தடை இருக்கிறதா? கயலும் ஆதவனும் எல்லாவற்றையும் பேசிவிட்டாலும், அவளால் ‘இருந்துவிடு’ என்று சொல்ல முடியாது, அவனால் சொல்லாமல் தங்கவும் முடியாது. தடை அப்படியே நிற்கிறது. இதுதான் தாங்கும் தடை.

தவறான புரிதலே கூடாது என்பதல்ல. உள்தடையிலிருந்து அது முளைத்தால் வலுவாக இருக்கும். ‘கேட்கமாட்டாள்’ என்ற குணத்தால் அவள் மௌனமாகிறாள், அந்த மௌனத்தை ‘என்னை வேண்டாம் என்கிறாள்’ என்று அவன் படித்துக்கொள்கிறான். இதில் யாரும் முட்டாள் இல்லை.

வெளித்தடை மட்டும் இருந்தாலும் போதாது. குடும்பம் எதிர்க்கிறது, சாதி தடுக்கிறது, வேலை வேறு நாட்டில் என்று வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் இருவரும் முதல் நாளிலிருந்தே உறுதியாக இருந்தால், கதை முழுக்க அவர்கள் காத்திருப்பார்கள், மற்றவர்கள் மாறுவார்கள். மாறுபவர்தான் கதையின் மையம். அப்படியானால் அப்பாதான் கதாநாயகன் ஆகிவிடுவார்.

இன்னொன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். கொடுமை தடை ஆகாது. அடிப்பது, அடைத்துவைப்பது, விருப்பமில்லாமல் தொடுவது ஆகியவற்றை ‘கோபக்கார ஹீரோ’ என்ற போர்வையில் எழுதிவிட்டு, இறுதியில் அவன் கண்ணில் நீர் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாக முடிப்பது இரண்டாவது நிபந்தனையை உடைத்துவிடும். அவள் அவனோடு பத்திரமாக இருப்பாள் என்று வாசகர் நம்பினால்தானே மனம் நிறையும்? முரட்டு நாயகன் வேண்டுமானால் எழுதலாம். அவனுடைய முரட்டுத்தனம் அவளுடைய ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு முன்னால் நின்றுவிட வேண்டும்.

மூன்றாம் படி: நீளமும் வரைபடமும்

ஆங்கிலத்தில் மாதந்தோறும் வரிசையாக வெளிவரும் காதல் நாவல்கள் பெரும்பாலும் 50,000 முதல் 75,000 சொற்கள். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிவிடுவதால் அதே கதை குறைந்த சொற்களில் வந்துவிடும். முதல் நாவலுக்கு 50,000 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயத்துக்கு 1,250 சொல் வீதம் 40 அத்தியாயம். தொடராக வெளியிடவும் இந்த அளவு வசதி.

1 முதல் 4 வரை: இருவரையும் தனித்தனியே காட்டி, சந்திக்கவைக்க வேண்டும். சந்திப்பு 3ஆம் அத்தியாயத்தைத் தாண்டக் கூடாது. நாயகியின் குழந்தைப் பருவம், கல்லூரி, தோழிகள் என்று ஆறு அத்தியாயம் எழுதிவிட்டு ஏழாவதில் நாயகனைக் கொண்டுவருவது தொடக்க எழுத்தாளர்கள் எல்லோரும் செய்வது. அந்த ஆறையும் அழித்துவிட்டு, அதிலுள்ள தேவையான தகவலைப் பின்னால் இரண்டு மூன்று வரிகளாகத் தூவலாம்.

8ஆம் அத்தியாயத்துக்குள்: எழுந்து போகவே முடியாதபடி இருவரும் மாட்டிக்கொள்ள வேண்டும். கட்டிப்போடும் காரணம் பலவீனமாக இருந்தால், ‘பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிடலாமே’ என்று வாசகர் கேட்பார்.

20ஆம் அத்தியாயம், அதாவது நட்ட நடுவே: பழைய நிலைக்குத் திரும்ப முடியாத ஒரு நெருக்கம். அது முத்தமாக இருக்கலாம். யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுவதாகவும் இருக்கலாம்.

30 முதல் 32 வரை: பிரிவு. இனி சேர வழியே இல்லை என்று தோன்றும் இடம்.

33 முதல் 36 வரை: தனித்தனியே ஒவ்வொருவரும் தன் உள்தடையைத் தானே பார்க்கும் பகுதி.

37, 38: அந்த உணர்வைச் செயலில் காட்டுவது. 39: கூடல். 40: பின்னுரை போன்ற ஓர் அத்தியாயம், வாசகர்கள் ‘எபிலாக்’ என்று கேட்டு வாங்கிப் படிப்பது.

இந்த எண்கள் ஓரிரு அத்தியாயம் முன்பின் போகலாம். இதே பயணத்தை வேறு விதமாகப் பிரித்தவர்களும் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் பமேலா ரீஜிஸ் 2003இல் வெளியிட்ட தன் ஆய்வில் காதல் நாவலுக்கு எட்டு உறுப்புகளைச் சொல்கிறார்: கதை நிகழும் சமூகம், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலை வெளிப்படுத்துவது, எல்லாம் செத்துப்போனதாகத் தோன்றும் கணம், உண்மையை உணர்வது, இணைவு. இவை எந்த வரிசையிலும் வரலாம் என்றும் சொல்கிறார். எழுதி முடித்த பிறகு எட்டும் இருக்கின்றனவா என்று தட்டிப் பார்க்க இந்தப் பட்டியல் நல்ல கருவி.

நான்காம் படி: நடுப்பகுதியைத் தொய்யாமல் காப்பது

9 முதல் 20 வரையுள்ள அத்தியாயங்களில்தான் பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் படுத்துவிடுகின்றன. சண்டை, சமாதானம், மறுபடி சண்டை, மறுபடி சமாதானம். ஏதோ நடந்துகொண்டே இருக்கும், ஆனால் எதுவும் மாறாது. தொடராக எழுதுபவர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. ஒவ்வொரு வாரமும் ஒரு திருப்பம் வைத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் விபத்து, முன்னாள் காதலி, மறைந்திருந்த உயில் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுவார்கள்.

செய்ய வேண்டியது இது. பன்னிரண்டு அத்தியாயத்துக்கும் ஆளுக்கொரு வரி எழுதுங்கள்: ‘இன்று இவள் அவனைப் பற்றிப் புதிதாக அறிந்தது’, ‘இன்று அவன் இவளைப் பற்றிப் புதிதாக அறிந்தது’. ஏதாவது ஓர் அத்தியாயத்தில் இரண்டு வரியுமே எழுத வரவில்லை என்றால், அந்த அத்தியாயம் வேண்டாம். அறிந்ததால் நடத்தையில் ஒரு சிறு மாற்றமாவது அடுத்த அத்தியாயத்தில் தெரிய வேண்டும். ஒரு படி முன்னே, அரைப் படி பின்னே என்ற நடைதான் சரி. ஒரு படி பின்னே போனால் வாசகர் களைத்துவிடுவார்.

இருவரும் ஒன்றாக இருக்கும் பக்கங்களையும் எண்ணுங்கள். மொத்த நாவலில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். பிரிவுப் பகுதி தவிர மற்ற இடங்களில் தொடர்ந்து இரண்டு அத்தியாயத்துக்கு மேல் அவர்களைத் தனித்தனியே வைக்காதீர்கள். தோழியின் கல்யாணமும் தம்பியின் வேலைத் தேடலும் எவ்வளவு சுவையாக இருந்தாலும், வாசகர் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டுவார்.

ஐந்தாம் படி: ஈர்ப்பைக் காட்சியாக்குவது

‘அவனைப் பார்த்ததும் அவள் இதயம் படபடத்தது. ஆறடி உயரம், அகன்ற தோள், கூரிய கண்கள். இப்படியொரு உணர்வு அவளுக்கு இதுவரை வந்ததில்லை.’

இதில் தவறு ஒன்றுமில்லை போலத் தெரியும். ஆனால் பெயரை மாற்றி எந்த நாவலிலும் ஒட்டலாம். ஈர்ப்பு என்பது இந்த ஆள் இந்த ஆளிடம் மட்டும் கவனிக்கும் ஒன்று. அதே கயலையும் ஆதவனையும் வைத்து எழுதிப் பார்ப்போம்.

அட்டையை அழுத்திப் பிடித்திருந்த கயலின் இரண்டு கைகளிலும் பசை. முன்முடி கண்ணில் விழுந்தது. தலையை உதறினாள். மறுபடி விழுந்தது.

“அந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கட்டுமா?”

“வேண்டாம்.”

ஆதவன் வற்புறுத்தவில்லை. மேசை ஓரத்தில் கிடந்த மரக்கட்டையை எடுத்து அவள் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் தன் பெட்டிகளிடம் திரும்பிப் போனான். கொஞ்ச நேரம் கழித்து அவள் கட்டையை இழுத்து அட்டைமேல் வைத்தாள். கை விடுபட்டது. புறங்கையால் முடியை ஒதுக்கிக்கொண்டே அவன் முதுகைப் பார்த்தாள். நன்றி என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

இந்தச் சிறு காட்சியில் மூன்று வேலை நடந்திருக்கிறது. கேட்காதவள் என்ற குணம் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லில் வந்துவிட்டது. கேட்காமலே அவளுக்குத் தேவையானதைக் கண்டுபிடித்து, கடன் ஏறாத விதத்தில் தர அவனுக்குத் தெரிகிறது. அவனுடைய தோள் அகலத்தை விட அவளுக்கு அதுதான் ஆபத்து. மூன்றாவது, அவன் உடனே விலகிப் போகிறான், அது அவன் குணம். ஈர்ப்பும் தடையும் ஒரே அசைவில் இருக்கின்றன. இப்படி ஆறேழு காட்சிகள் அமைந்துவிட்டால் ‘படபடத்தது’ என்று ஒரு தடவைகூட எழுத வேண்டியிருக்காது.

உடல் நெருக்கம் எவ்வளவு எழுதுவது என்பதை முதல் அத்தியாயம் எழுதும்போதே தீர்மானித்துவிடுங்கள். முத்தத்தோடு கதவு மூடிக்கொள்ளும் கதையும் உண்டு, உள்ளே வரைக்கும் போகும் கதையும் உண்டு. எதுவானாலும் நாவல் முழுக்க ஒரே அளவு இருக்க வேண்டும். முப்பது அத்தியாயம் கைகூடத் தொடாமல் போய்விட்டு 31இல் திடீரென்று விரிவாக எழுதினால் வாசகர் அதிர்ந்துவிடுவார். நெருக்கக் காட்சிக்குப் பிறகு உறவில் ஏதாவது மாறியிருக்கவும் வேண்டும். மாறவில்லை என்றால் அந்தக் காட்சி இல்லாமலே கதை ஓடும்.

ஆறாம் படி: யார் பார்வையில், எந்த விளியில்

பெரும்பாலான காதல் நாவல்கள் இருவர் பார்வையிலும் மாறி மாறிச் செல்கின்றன. ஒரு காட்சிக்கு ஒரே பார்வைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சியில் யாருக்கு இழப்பு அதிகமோ அவருடைய பார்வை. ஒரே பத்தியில் அவன் நினைத்ததையும் அவள் நினைத்ததையும் எழுதினால், ‘இவன் மனசில் என்ன இருக்கிறது’ என்ற தவிப்பு போய்விடும். அந்தத் தவிப்புதான் வாசகரை இழுத்துக்கொண்டு போவது.

நாயகியர் இருவர் அல்லது நாயகர் இருவர் என்றால் தமிழில் ஒரு சிக்கல் வரும். ‘அவள் அவளைப் பார்த்தாள்’ என்றால் யார் யாரை? பார்வைக்கு உரியவரை ‘அவள்’ என்றும் மற்றவரைப் பெயராலும் குறிப்பிட்டால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

தமிழில் எழுதுபவருக்கு ஒரு பெரிய வசதி, விளி. ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆகிறது என்பதை வைத்தே ஒரு காதலின் வளர்ச்சியைச் சொல்லிவிடலாம். பலர் இதைக் கவனிக்காமல் மூன்றாம் அத்தியாயத்தில் ‘நீ’, ஐந்தில் ‘நீங்க’, ஆறில் மறுபடி ‘நீ’ என்று கலந்துவிடுகிறார்கள். தனித்தாளில் குறித்து வையுங்கள்: முதலில் யார் மாறினார்கள், எந்த அத்தியாயத்தில், வாய்தவறியா தெரிந்தேயா, மற்றவர் அதைக் கவனித்தாரா, பிறர் முன்னிலையில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் ‘டா’, ‘டி’ போடத் தொடங்குவதும் இதே போல ஒரே ஒரு முறை நிகழ வேண்டிய நிகழ்ச்சி.

இதன் பலன் பிரிவின்போது தெரியும். 31ஆம் அத்தியாயம். ஆதவனுக்கு அடுத்த ஊரிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. கடிதத்தை மேசைமேல் வைக்கிறான். கயல் படிக்கிறாள், மடித்துத் திருப்பித் தருகிறாள். பதினோரு அத்தியாயமாக ‘நீ’ என்று பேசிவந்தவள், “எப்ப கிளம்பறீங்க?” என்று கேட்கிறாள். அதற்குமேல் சண்டையோ அழுகையோ தேவையில்லை. அவள் கேட்கவில்லை, அவன் தங்கவில்லை. கதவு சாத்திக்கொண்டுவிட்டது.

ஏழாம் படி: பிரிவை ஊடலோடு குழப்பாமல் இருப்பது

அகமரபில் ஊடல் வேறு, பிரிவு வேறு. உறவு உறுதியாக இருக்கும்போது உரிமையால் வரும் சிணுங்கல் ஊடல். அதற்கு உள்ளேயே கூடலின் நிச்சயம் இருக்கிறது. 30ஆம் அத்தியாயத்தில் வர வேண்டியது அது அல்ல. அங்கே உறவே இல்லாமல் போகும் அபாயம் இருக்க வேண்டும். பிறந்தநாளை மறந்துவிட்டான் என்ற கோபத்தை அந்த இடத்தில் வைத்தால் நாவலின் உச்சம் தாங்காது. அதை 24இல் வையுங்கள், அழகாக இருக்கும்.

பிரிவு வெளியிலிருந்து வருவதாக இருந்தாலும், அது நிலைப்பதற்குக் காரணம் அவர்களுடைய உள்தடையாக இருக்க வேண்டும். அழைப்புக் கடிதம் வெளியிலிருந்து வந்தது. ‘இரு’ என்ற ஒரு சொல் வராமல் போனதுதான் பிரிவு.

அடுத்த நான்கு அத்தியாயங்களில் இன்னொரு வழக்கமான தவறு நடக்கும். ஒரு தோழியோ தாத்தாவோ வந்து நாயகிக்கு அவளுடைய மனத்தை விளக்கிச் சொல்லிவிடுவார், அவள் உடனே புரிந்துகொண்டு ஓடுவாள். தோழி கேள்வி கேட்கலாம், விடையை அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கயலின் கதையில், பெரிய புத்தகமொன்றைத் தனியாளாகக் கட்ட முயன்று கிழித்துவிடுகிறாள் என்று வைக்கலாம். இரண்டு கை போதாத வேலைகள் உண்டு என்று அவளுக்குத் தன் தொழிலே சொல்லிவிடும்.

எட்டாம் படி: கூடலைச் சம்பாதிப்பது

சேரும் காட்சியில் ஒவ்வொருவரும் தனக்கு மிகக் கடினமானதைச் செய்ய வேண்டும். விமான நிலையத்துக்கு ஓடுவதோ ஊர் நடுவே மண்டியிடுவதோ பார்க்கப் பெரிதாக இருக்கும், ஆனால் கூட்டத்தில் பேசக் கூச்சமில்லாதவனுக்கு அது எளிய வேலை. கயலுக்குக் கடினம் ஒரு சிறு வாக்கியம்: “இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சுக்கறியா?” முன்பு அட்டையைப் பிடிக்க வந்தவனிடம் ‘வேண்டாம்’ என்றவள் இதைக் கேட்கும்போது வாசகருக்குத் தொண்டை அடைக்கும். அவளே தேடிப் போய்க் கேட்டால் மட்டும் போதாது. அதற்கு முன்பே அவன் புது வேலையை மறுத்துவிட்டு, கேட்காவிட்டாலும் தங்குவதென்று முடிவெடுத்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் மாறி மற்றவர் அப்படியே இருந்தால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

முடிவைச் சோதிக்க ஒரு கேள்வி: ஆறு மாதம் கழித்து இதே போன்ற நெருக்கடி வந்தால் மறுபடி பிரிவார்களா? ஆம் என்று உங்களுக்கே தோன்றினால் யாரோ ஒருவர் இன்னும் மாறவில்லை. வெளித்தடையையும் மறந்துவிடாதீர்கள். நூலகப் பிரிவு என்ன ஆயிற்று, அவள் பிழைப்புக்கு என்ன வழி என்பதற்கு விடை வேண்டும். முகம் தெரியாத பணக்காரர் நன்கொடை தந்தார் என்று முடிக்காமல், அவர்கள் இருவருடைய வேலையிலிருந்தே அந்த விடை வரட்டும்.

கதைக் கருக்களைப் பற்றிச் சுருக்கமாக

எதிரிகள் காதலராவது, நண்பர்கள் காதலராவது, பிரிந்தவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு, ஒப்பந்தத் திருமணம் போன்ற வழக்கமான கருக்களைப் பயன்படுத்த வெட்கப்பட வேண்டாம். வாசகர்கள் அவற்றைத் தேடித்தான் வருகிறார்கள். ஒவ்வொரு கருவும் ஒரு கேள்வியைக் கூடவே கொண்டுவருகிறது, அதற்கு விடை சொல்லாமல் விடக் கூடாது. எதிரிகள் என்றால், பகைக்கு உண்மையான காரணம் என்ன? நண்பர்கள் என்றால், இத்தனை நாள் தோன்றாதது இப்போது ஏன்? இரண்டாம் வாய்ப்பு என்றால், அன்று பிரித்தது இன்று எப்படி இல்லாமல் போயிற்று? ஒப்பந்தத் திருமணம் என்றால், காகிதத்தில் கையெழுத்திட்டது மனத்தின் சம்மதம் ஆகாதே, அந்தச் சம்மதம் எந்தக் காட்சியில் வருகிறது?

கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கும் காதல் கதையையும் தாராளமாக எழுதலாம். திருக்குறளின் காமத்துப்பாலில் 25 அதிகாரங்களில் களவுக்கு, அதாவது கல்யாணத்துக்கு முந்தைய மறைவான காதலுக்கு 7, கற்புக்கு, அதாவது கல்யாணத்துக்குப் பிந்தைய காதலுக்கு 18. சேர்ந்த பிறகுள்ள காதலுக்குத்தான் அங்கே இடம் அதிகம்.

கடைசிப் படி: திருத்தம்

எழுதி முடித்ததும் இரண்டு வாரம் தொடாதீர்கள். பிறகு எல்லாக் காட்சிகளையும் ஒரு வரி வீதம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு குறிப்பு: இருவரும் இருக்கிறார்களா, யார் பார்வை, நெருங்கினார்களா விலகினார்களா, உள்தடை தொடப்பட்டதா. மூன்று காட்சிகள் தொடர்ந்து ‘நெருங்கினார்கள்’ என்று வந்தால் அங்கே இறுக்கம் போதவில்லை. ஐந்து காட்சிகள் உள்தடையைத் தொடாமல் போனால் கதை வேறெங்கோ போய்விட்டது.

அடுத்து உரையாடலை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். பெயரை மறைத்தாலும் யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும். ‘இதயம்’, ‘படபட’, ‘மின்சாரம்’, ‘காந்தக் கண்கள்’ ஆகியவற்றைத் தேடிப் பார்த்து, ஒவ்வொரு இடத்திலும் அந்த ஆளுக்கு மட்டும் உரிய ஒரு செயலை வைக்க முடியுமா என்று பாருங்கள்.

எபிலாக்குக்கு 800 முதல் 1,200 சொல் போதும். அதில் புதிய பிரச்சினை வேண்டாம், எல்லாத் துணைப் பாத்திரங்களையும் கூட்டிவந்து ஜோடி சேர்க்கவும் வேண்டாம். இருவரும் சேர்ந்து வாழும் ஒரு சாதாரண நாளைக் காட்டினாலே வாசகர் கேட்டது கிடைத்துவிடும். தொடக்கத்தில் வந்த ஒரு பொருளை அங்கே திரும்பக் கொண்டுவாருங்கள், அதைப் பற்றி விளக்காமல். கயலின் மேசையில் அந்த மரக்கட்டை இப்போது காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைக்கும் பாரமாகக் கிடக்கலாம்.